மூன்றாம் மாடிப் பாயசம்

அரசுச் சேவைகள் எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேருகின்றனவா என்று ஆராய்ந்தே தலை நரைத்தவர் பேராசிரியர் செங்கமலம். எந்த ஊருக்கு ஆய்வுக்குப் போனாலும் பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இறங்கித்தான் வேலையைத் தொடங்குவார். அவரிடம் படிக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று மாணவர்கள் சொல்வார்கள். வெயிலில் அவர் பின்னால் நடந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

அவருடைய மாணவன் பூவரசன், அரசு ஆஸ்பத்திரிச் சேவை எல்லாருக்கும் கிடைக்கிறதா என்று ஆராய்ந்தவன். ஆய்வேட்டைக் கொடுக்க அன்றுதான் அவனுக்குக் கடைசி நாள். தவறினால் கைக்கு வந்த கல்லூரி வேலை போய்விடும். பேராசிரியரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

ஆய்வை முடித்தவர் துறைக்கே பாயசம் கொடுப்பது அங்கே வழக்கம். பூவரசனுக்குப் பொறுமை இல்லை. கையெழுத்து வாங்குமுன்பே, துறை இருந்த மூன்றாம் மாடியில் பாயசம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பேராசிரியரின் அறைக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோனான்.

"ஆஸ்பத்திரி வரிசையில நின்ன எல்லாரையும் கேட்டுட்டேன் மேடம். ஒருத்தர்கூட குறை சொல்லல. இன்னும் என்ன சந்தேகம் உங்களுக்கு?"

செங்கமலம் பேனாவை மூடி வைத்தார்.

"பாயசம் எல்லாருக்கும் கொடுத்தாச்சா?"

"ஆச்சு மேடம். எல்லாருக்கும் ஒரே அளவு."

அவர் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. முட்டிவலிக்காரர், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். பூவரசன் ஒன்றும் புரியாமல் பின்னால் போனான்.

கீழே நூலக வாசலில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நஸ்ரின் படித்துக்கொண்டிருந்தாள். அதே துறையில் பூவரசனோடு ஒன்றாக ஆய்வில் சேர்ந்தவள். அவனுடைய புள்ளிவிவரங்களை முகம் சுளிக்காமல் சரிபார்த்துக் கொடுத்தவளும் அவள்தான்.

செங்கமலம் டம்ளரை நீட்டினார். நஸ்ரின் வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"உன் பாயசமா? மேல சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. நல்லா இருக்கு பூவரசா. வாழ்த்துகள்."

அவளை மறந்துபோனதே அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திரும்பிப் படியேறும்போதும் அவனுக்கு ஆய்வேட்டு நினைப்பு விடவில்லை.

"மேடம், இன்னிக்குக் கடைசி நாள். வரிசையில நின்னவங்க யாருமே குறை சொல்லலையே?"

செங்கமலம் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினார்.

"உன் பாயசத்தையும்தான் மேல யாரும் குறை சொல்லலப்பா."