மாசி மாதத்து க்யூப்கள்

"மாசி மாசத்து க்யூப்கள மட்டும் கணக்குலேருந்து எடுத்துடலாமா மேடம்?"

தெய்வசிகாமணி இப்படிக் கேட்டபோது மெகருன்னிசா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

இந்த இருவரில் மெகருன்னிசாதான் குரு. சிமென்ட் ஆய்வுக்கூடத்தின் பேராசிரியை. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

சிஷ்யருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. பாதி ஆயுள் பாலமும் தண்ணீர்த் தொட்டியுமாகக் கட்டிவிட்டு, டாக்டர் பட்டம் வாங்கியே தீருவேன் என்று வந்து சேர்ந்தவர். அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை சார் என்பார். புதிதாக வருகிறவர்கள் நேராக அவரிடம் போய்த்தான் வணக்கம் வைப்பார்கள். அதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் உண்டு.

அவருடைய ஆய்வு இதுதான். நானோ சிலிக்கா என்று ஒரு தூள். முகத்துக்குப் போடும் பவுடர் அதன் முன்னால் கூழாங்கல் மாதிரி, அவ்வளவு நைசு. அதைக் கொஞ்சம் சேர்த்தால் சிமென்டுக்கு வலு கூடும். எதை எவ்வளவு போட்டோம் என்று சொன்னால், கலவை எவ்வளவு இளகி ஓடும், இறுகிய பிறகு எவ்வளவு சுமை தாங்கும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

கம்ப்யூட்டர் சொல்லத்தான் செய்தது. மாசியில் கலக்கியவற்றில் மட்டும் தோற்றது. அது சொன்ன அளவுக்கு அந்தக் கலவைகள் ஓடவில்லை. அவற்றை அச்சில் வார்த்து எடுத்த க்யூப்கள், அதாவது கனசதுரக் கட்டிகள், அது சொன்ன சுமை ஏறுவதற்கு வெகு முன்பே மெஷினில் நொறுங்கின.

அவற்றை எடுத்துவிட்டால் கணிப்பு கனகச்சிதமாகப் பொருந்துகிறது என்றார் தெய்வசிகாமணி. கம்பெனியில் வாங்கிய லீவு முடியப்போகிறது. ஆய்வேடு தயார். மனைவி புஷ்பலதாவுக்குச் சமர்ப்பணம் என்று முதல் பக்கம்கூட அடித்தாகிவிட்டது. மேடம் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

மேடம் லேசில் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. ஏன் எடுக்கவேண்டும் என்று கேட்டார்.

மூட்டையில் ஈரம் ஏறியிருக்கும் என்றார் அவர். அதே மூட்டையில்தானே பங்குனியிலும் வார்த்தீர்கள் என்றார் மேடம். வெயில் என்று ஆரம்பித்தார். ஏசி ஓடுகிற அறையில் ஏது வெயில் என்று அவரே நிறுத்திக்கொண்டார்.

"எனக்கு அதுங்களப் பாக்கவே பிடிக்கல மேடம்."

இது உண்மை. மேடத்துக்கும் தெரியும்.

மாசியில்தான் புஷ்பலதா ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஐ.சி.யூ. வாசலில் யாரையும் உட்காரவிடவில்லை. ஏதாவது என்றால் போன் பண்ணுகிறோம், போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மனைவி இல்லாத வீட்டுக்குள் நுழைய மனசு வராமல், தெய்வசிகாமணி ஆய்வுக்கூடத்துக்கு வந்து சிமென்ட் கலக்கினார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மாசி முடிவதற்குள் புஷ்பலதா போய்விட்டார்.

மெகருன்னிசா கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"அன்னிக்குக் கலக்கின மாதிரியே இப்ப ஒரு தடவ கலக்குங்க சார். நான் பாக்கறேன்."

தெய்வசிகாமணி தூளை அளந்து தண்ணீரில் கொட்டினார்.

கொட்டினால் மட்டும் போதாது. கேழ்வரகு மாவு மாதிரிக் கட்டி தட்டிவிடும். கட்டியை உடைக்க ஒரு கருவி இருக்கிறது. அதன் கம்பியைத் தண்ணீருக்குள் விட்டால் அதிர்ந்து அதிர்ந்து தூளைப் பிரித்துவிடும். ஆனால் அது போடுகிற கீச்சுச் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. எல்லாரும் அதை ஓடவிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

தெய்வசிகாமணி போகவில்லை. சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். கருவியை ஓடவிட்டார்.

சத்தம் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அவர் கை போய் அதை நிறுத்தியது. போன் பக்கம் தலையைச் சாய்த்தார்.

மறுபடி ஓடவிட்டார். மறுபடி நிறுத்தினார். தலை சாய்ந்தது.

இப்படியே கொஞ்ச நேரம் போனது. பிறகு போதும் என்று தண்ணீரை எடுத்து சிமென்டில் ஊற்றப்போனவர், பாத்திரத்தின் அடியைப் பார்த்தார். தூள் திட்டுத்திட்டாகக் கட்டிப் போயிருந்தது.

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"போன் அடிக்குதான்னு நிறுத்தி நிறுத்திப் பாத்திருக்கேன் மேடம். எனக்கே தெரியல."

சொல்லிவிட்டு அழுதார். காரியம் அன்றைக்குக்கூட அழாதவர்.

மெகருன்னிசா இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கதவைத் தட்டிய மாணவனைப் பிறகு வரச்சொல்லிக் கை காட்டினார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

வெகுநேரம் கழித்து தெய்வசிகாமணி எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

"கலவையில கோளாறு இல்ல மேடம். தப்பு என்னோடது. காரணம்தான் தெரிஞ்சுபோச்சே, இப்ப அதுங்கள எடுத்துடலாம்ல?"

"நம்ம கணிப்ப நம்பி யாரு சார் கலவை போடப்போறாங்க?"

"சைட்டுல இருக்கறவங்க."

"அவங்க வீட்ல யாருக்கும் உடம்புக்கு வராதா?"