முயல் வெட்டிய ஓரம்

ஒரு காட்டில் மரங்களைவிடப் புகைப்படக்காரர்கள் அதிகம். ஆளுக்கொரு செல்போன், அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு குழு. வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் படம் போட வேண்டும், மற்றவர்கள் குறை சொல்ல வேண்டும். பாராட்டக் கூடாது என்பது குழுவின் சட்டம். சட்டம் போட்ட கரடி நான்தான், குழந்தைகளே. அதற்குள் சிரிக்காதீர்கள்.

நான் எடுக்கும் படங்களில் பாதியை என் கட்டைவிரலே மறைத்திருக்கும். ஆனால் அடுத்தவர் படத்தில் குறை கண்டுபிடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

புதிதாகச் சேர்ந்த முயலுக்கு ஒரே ஓர் ஆசை. யாராவது ஒருவர் தன் படத்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். அதற்காக ஒரு வாரம் குளக்கரையிலேயே கிடந்து, பனி சொட்டும் புல்லைப் படமெடுத்துப் போட்டது.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். "படம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது."

"ஆமாம், நன்றாகவே சாய்ந்திருக்கிறது," என்றது கீரி. நான் எதைச் சொன்னாலும் அது ஆமாம் போடும்.

"அப்புறம், வலது ஓரத்தில் மஞ்சளாக, கறுப்புப் புள்ளி புள்ளியாக என்னவோ கண்ணை உறுத்துகிறது. புல்லின் அழகையே கெடுக்கிறது."

"ரொம்ப உறுத்துகிறது!"

ஆமை மட்டும் வெகு நேரம் தட்டித் தட்டி ஒரு வரி எழுதியது. "அது சிறுத்தை மாதிரி இருக்கிறதே?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆமையாரே, இது படக்கலையைப் பேசும் இடம். என்ன மிருகம் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். முயலே, அந்த ஓரத்தை வெட்டிவிட்டு மறுபடி போடு."

"சரிங்க, கரடியண்ணா," என்று முயல் வெட்டியது. சிறுத்தை படத்திலிருந்து போய்விட்டது. குளக்கரையிலிருந்து போகவில்லை.

அன்று மாலை 'தாமரை நேசன்' என்று ஒருவர் எழுதினார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் தாமரைப் பூப் படம். "அருமை! இப்படி ஒரு படத்தை நான் பார்த்ததே இல்லை. இன்னும் நாலடி முன்னால் வந்து எடுத்தால் பிரமாதமாக வரும். நாளைக்கும் அங்கே வருவீர்களா? எத்தனை மணிக்கு?"

அவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்குத் தெரியவில்லை. பாராட்டியது சட்டப்படி தவறு என்று நான் அவரைக் கண்டித்தேன். நாலடி யோசனை சரிதான் என்றும் ஒப்புக்கொண்டேன்.

முயலுக்குத் தலைகால் புரியவில்லை. "காலை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன்!" என்றது.

வந்தது. நாலடி முன்னால் நகர்ந்து போனைத் தூக்கியது. திரை முழுக்கப் பல். பயத்தில் விரல் அழுந்திப் படம் பதிவாகிவிட்டது. முயல் ஒரே பாய்ச்சலில் முட்புதருக்குள் புகுந்து தப்பியது. தொடையில் நகம் கிழித்து ரத்தம் வழிந்தது. வளைக்குள் போனதும் அந்தப் படத்தைக் குழுவில் போட்டது.

"ஓடுங்கள்! யாரும் குளக்கரைப் பக்கம் வராதீர்கள்!"

மான்கள் ஓடின. கீரி ஓடியது. ஆமைகூடக் கிளம்பிவிட்டது. நான் பாறையில் சாய்ந்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, நிதானமாக எழுதினேன்.

"படம் ஆடியிருக்கிறது. கண் தெளிவாக இல்லை. பல்லில் வெளிச்சம் அதிகம். முயலிடம் இன்னும் எதிர்பார்க்கிறேன்."

இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. முயல் குழுவை விட்டு வெளியேறியது. கீரிகூட ஆமாம் போடவில்லை. வெகு நேரம் கழித்து என் கருத்துக்கு ஒரே ஒரு லைக் விழுந்தது.

போட்டவர் தாமரை நேசன்.

நீதி: படத்தில் குறை தேடும் முன், படத்தில் இருப்பது என்னவென்று பார்.