செங்காய் நிறத்தில் ஓர் அடுக்களை

எங்கள் தெருவில் மற்ற வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் மூளையோடுதான் வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஆவுடையப்பன், கோமதிநாயகம், சங்கரபாண்டி என்று அண்ணன் தம்பி மூன்று பேர் வந்தார்கள்.

"சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள்" என்று சொல்லி என் வீட்டுக்காரர்தான் பிடித்து வந்தார். அதில் ஒரு பொய்யும் இல்லை.

எங்கள் அடுக்களைக்கு முப்பது வருஷமாக ஒரே ஊதா. போன தடவை பம்பாயிலிருந்து வந்த நாத்தனார் புஷ்பலீலா, வாசலிலேயே நின்று மூக்கைச் சுருக்கி, "மைனி, பழைய ரயில்வே கேன்டீன் மாதிரியே வச்சிருக்கீங்களே" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறாள். அதற்குள் அந்த மூக்கு விரிந்தாக வேண்டும்.

திங்கட்கிழமை கலர் அட்டையை விரித்தார்கள். வெள்ளையிலேயே நாற்பது வெள்ளை. எனக்கு ஏது அவ்வளவு பொறுமை? கூடையில் கிடந்த ஒரு மாங்காயை எடுத்து நீட்டினேன். காயுமில்லை, பழமுமில்லை, இளம்பச்சையில் மஞ்சள் எட்டிப் பார்க்கும் செங்காய்.

"இதுதான் கலர். இம்மி மாறக்கூடாது. ஒவ்வொரு கோட்டுக்கும் இதை வச்சு ஒத்துப் பார்த்து அடிக்கணும். சாம்பிள் பத்திரம்!"

சாயங்காலம் பார்த்தால் சுவர் அச்சு அசல் செங்காய். எனக்கே எச்சில் ஊறியது. சாம்பிளைப் பத்திரமாக அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டுப் போனார்கள்.

பெயிண்ட் வாடை எனக்கு ஆகாது. மாடியில் ஸ்டவ்வை வைத்துச் சமைத்துக்கொண்டு, இரண்டாவது கோட் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கீழே செவ்வாய்க்கிழமை காலை நடந்ததே வேறு. மாங்காயைத் தோண்டியெடுத்துச் சுவரில் ஒத்துப் பார்த்த மூவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்களாம்.

"அண்ணே, ஒரே ராத்திரியில சுவரு பச்சையாயிட்டு!"

"சுவரு எப்படிலே பச்சையாகும்? ஈரம் காய்ஞ்சா வெளுக்கல்லா செய்யும்?"

"ஒருவேளை பழம் மாறியிருக்குமோ?" என்றான் சின்னவன் சங்கரபாண்டி.

பெரியவர் ஆவுடையப்பன் அவனை முறைத்தார். "இம்மி மாறக்கூடாதுன்னு அம்மா அதைக் கையில வச்சுக்கிட்டுத்தானலே சொன்னாங்க? அதுவும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

மூவரும் எழுந்து மஞ்சளைக் கூட்டி அடித்தார்கள். சாம்பிள் மறுபடி அரிசிக்குள் போனது. புதனன்று இன்னும் மஞ்சள். வியாழனன்று பழத்தின் தோளில் சிவப்பு ஏறியது. சுவரின் மேல்மூலையிலும் ஏறியது.

வெள்ளிக்கிழமை உப்பு ஜாடி எடுக்க இறங்கி வந்தேன். சுவர் பூராவும் கறுப்புப் புள்ளி.

"என்னய்யா இது?"

"பதினேழு இடத்துல புள்ளி விழுந்திருக்கும்மா. எண்ணித்தான் வச்சோம்" என்றார் நடுவுள்ளவர் கோமதிநாயகம், பழத்தைக் காட்டி.

"நாளைக்கு அது அழுகினா?"

"கவலைப்படாதீங்க. அதுக்கும் கலர் கலக்கி வச்சாச்சு."

"அந்தப் பழத்தை யாராவது தின்னு தொலைங்களேன்!" என்று கத்தினேன்.

முப்பது வருஷத்தில் நான் சொன்ன ஒன்றை என் வீட்டுக்காரர் உடனே செய்தது அன்றைக்குத்தான். என் பின்னாலேயே இறங்கி வந்திருந்தவர் கத்தியை எடுத்தார்.

"அண்ணே, சாம்பிளைத் தோல் சீவுதாரு!"

"அப்ப நாமளும் சீவணும்லே!"

சனிக்கிழமை இருட்டுவதற்குள் எல்லாப் பெயிண்டையும் சுரண்டி முடித்தார்கள். புதிது, பழைய ஊதா, அதற்கும் அடியில் இருந்த சுண்ணாம்பு, எல்லாம் போய் வெறும் சிமெண்ட். சதையின் கலரைப் பார்த்து அடிக்கலாமென்றால், பழம் அவர் வயிற்றுக்குள். கொட்டைதான் மிச்சம். நான் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை புஷ்பலீலா அடுக்களை வாசலில் நின்றாள். நான் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மைனி! சிமெண்ட் ஃபினிஷா? பம்பாயில இதுக்கு ஆள் கிடைக்காம அலையுறோம். யார் செஞ்சா? இன்னைக்கே எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்!"

மூக்கு நன்றாகவே விரிந்திருந்தது. நானும் எல்லாம் என் ஏற்பாடு என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு அவளைக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். மூவரும் அங்கே ஒரு குழியை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப வர முடியாதும்மா" என்று கைமண்ணைத் தட்டினார் ஆவுடையப்பன். "இங்கேயே வேலை பாதியில நிக்கு. கொட்டையை இப்பத்தான் நட்டிருக்கோம். மரமாகி, காய்ச்சு, செங்காய் ஆகட்டும். ஒத்துப் பார்த்து அடிச்சுக் கொடுத்துட்டு வாறோம்."

கோமதிநாயகம் குழிக்குப் பயபக்தியோடு தண்ணீர் ஊற்றினார். சங்கரபாண்டி மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"செங்காய் ஆகுற அன்னைக்கு மட்டும் ஐயாவை எங்கேயாவது வெளியூருக்கு அனுப்பிருங்கம்மா."