படிக்கட்டு உள்ள கடல்

முன்னொரு காலத்தில் முத்தூர்ப்பட்டினத்தைத் திரைவென்றான் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். பெயர்தான் அப்படி, கடலில் கால் நனைத்தவன் இல்லை. அவனுடைய மந்திரி செந்நாவர் ஒரு நாள் காலை தெப்பக்குளத்தோரமாக வரும்போது, தண்ணீர் எடுக்க வந்த ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"பாவம்டி இந்தப் பசங்க. கடலுக்கும் நாலு பக்கம் படிக்கட்டு இருக்கும்னு நெனச்சிட்டிருக்காங்க."

மந்திரிக்குச் சுருக்கென்றது. அந்தக் குளத்தில் மாலுமிப் பள்ளி வைக்கத் திட்டம் தீட்டியவரே அவர்தான். குளத்தில் ஒரு சின்னக் கப்பல். படியில் நின்று காற்று வீச அரண்மனை விசிறிக்காரர்கள். அங்கே படித்த பிள்ளைகள் மறுநாள் அரசனின் கப்பலைக் கடாரத்துக்கு ஓட்டிப் போகவேண்டும். நடுக்கடலில் காற்று மாறினால் ஒருவரும் திரும்பமாட்டார்கள்.

அன்று சபையில் பள்ளித் தலைவர் பொன்னவரையர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். மந்திரி பதவிமேல் அவருக்கு வெகுநாளாகக் கண்.

"அத்தனை பேரும் தேறிவிட்டார்கள், அரசே. மந்திரியார்தான் சந்தேகப்படுகிறார்."

"என்மேல்தான் சந்தேகம், ஐயா. அரசே, கடைசியாக ஒரு தேர்வு. தாங்களும் வரவேண்டும்" என்றார் செந்நாவர்.

அரசனுக்கு வேடிக்கை என்றால் உயிர். சபையே குளக்கரைக்குப் போனது. பிள்ளைகள் கப்பலில் ஏறினார்கள். மந்திரி விசிறிக்காரர்களை எதிர்க்கரையில் நிறுத்தி வீசச் சொன்னார். கப்பல் பின்னால் போனது. பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். சுக்கான் பிடித்தவன் பணிவாகக் கூப்பிட்டான்:

"அண்ணே, வழக்கம்போல அந்தப் பக்கம் நின்னு வீசுங்கண்ணே."

கப்பல் படியில் முட்டி நின்றது.

"காற்று பாடத்திட்டத்தை மீறிவிட்டது, அரசே" என்றார் பொன்னவரையர்.

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கடாரம் வரைக்கும் விசிறிக்காரர்கள் நீந்தியே வருவார்களோ?" மறுகணமே முகம் சிவந்தது. "இந்தத் திட்டத்தைத் தீட்டிய முட்டாள் யார்?"

"மந்திரியார்" என்று முந்திக்கொண்டார் பொன்னவரையர்.

"நானேதான், அரசே. படகில் கால் வைத்தாலே எனக்குக் குமட்டும். அதனால் கடலே இல்லாத கடற்படிப்பைக் கண்டுபிடித்தேன். அன்றைக்கு என் மூளையை நானே மெச்சிக்கொண்டது வேறு."

"தன் மடத்தனத்துக்குத் தானே தேர்வு வைத்த மந்திரியை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டான். கடாரப் பயணம் நின்றது. இனி ஒரு பருவம் வணிகர் கப்பலில் வேலை பார்த்த பிறகே தேர்வு. முதல் மாணவர் பொன்னவரையர் என்று ஆணை பிறந்தது.

மறுநாள் விடிந்ததும் செந்நாவர் முத்துமாலையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, ஒரு காலிச் சட்டியோடு வணிகர் கப்பலில் ஏறி, பொன்னவரையருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.