பதக்க வைத்தியரும் ஒச்சம்மாள் தோளும்

கருவேலம்பட்டி ஜமீன்தாருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நீவிவிட இரண்டு வைத்தியர்கள் வந்தார்கள். மார்பெல்லாம் பதக்கமாக வந்த ரத்தினசபாபதியை அவருக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த மாயழகுவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"கைவேலையைப் பார்த்துட்டுக் கழுத்தைக் குடுங்க எசமான்" என்றாள் மாவாட்டும் ஒச்சம்மாள்.

"பெரிய மேதாவி! என் கழுத்தைத் தொடாம எவன் கெட்டிக்காரன்னு காட்டு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

ஒச்சம்மாள் ரத்தினசபாபதியிடம் வலது தோளைக் காட்டினாள். "தூக்கவே முடியலைங்க."

அவர் தோளை அழுத்தினார். "மூட்டு விலகியிருக்கு." சடக்கென்று இழுத்தார். "ஏத்திட்டேன்!"

அடுத்து மாயழகு வந்து இரண்டு தோளையும் தடவினார். "இந்தக் கை எப்பவுமே நல்லாத்தான் இருந்திருக்கு தாயி. இடது தோள்தான் இறங்கியிருக்கு."

"ஆமாங்க. வலது கையாலதான் காலையிலகூட மாவாட்டினேன். இடது தோள் போய் மூணு மாசமாச்சு. புது ஆட்டுக்கல்லை ஒத்தையாத் தூக்கச் சொன்னாரே எசமான், அன்னைக்கு."

ரத்தினசபாபதி வாசல் பக்கம் நழுவினார். ஜமீன்தாருக்கு முகம் செத்துவிட்டது. மூன்று மாதமாகத் தின்ற இட்லியெல்லாம் அவள் ஒற்றைக் கையால் ஆட்டிய மாவு.

"முதல்ல அவளுக்குப் பாருய்யா" என்றார். தலையைக் குனியப் பார்த்தார். பிடித்த கழுத்து விடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடியேதான் உட்கார்ந்திருந்தார்.