படத்தில் இல்லாத இலை

ஒரு காட்டில், படம் பிடிக்கும் ஆசை முற்றிப்போன நான்கு பேர் இருந்தார்கள். நால்வரிடமும் கேமரா இருந்தது. காட்டில் கேமரா ஏது என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. ஆசை வந்துவிட்டால் எதுவும் எப்படியாவது வந்து சேர்ந்துவிடும்.

முதலாவது ஆள் தாவலன் என்ற குரங்கு. பழம் இல்லாமல் இரண்டு நாள் இருப்பான். பாராட்டு இல்லாமல் ஒரு பொழுதுகூட இருக்க மாட்டான். அடுத்தவன் மொந்தையன் என்ற கரடி, பெரிய சோம்பேறி. எந்தப் படத்தைக் காட்டினாலும் அரைக்கண்ணைத் திறந்து "அருமை!" என்று சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்துகொள்வான். பஞ்சி என்ற முயலுக்கு எதற்கும் பயம். மற்றவர்கள் என்ன சொல்கிறார்களோ அதையே அவளும் சொல்வாள்.

கூராயி என்ற முள்ளம்பன்றிக்கோ மூக்கின்மேல் கோபம்.

வாரத்தில் ஒருநாள், வெயில் தாழ்ந்ததும், நால்வரும் ஓடைக்கரைப் பாறையில் கூடுவார்கள். அவரவர் எடுத்த படத்தைப் பாறையில் சாய்த்து வைப்பார்கள். மற்றவர்கள் பார்த்து நிறையும் குறையும் சொல்ல வேண்டும் என்பது பேச்சு. நாளாக ஆகக் குறை காணாமல் போய்விட்டது. நிறை மட்டும் மிஞ்சியது. எல்லாருக்கும் பிடித்த படத்தைத் தண்ணீர்த்துறையில் நிற்கும் மருதமரத்தில் மாட்டுவார்கள். தண்ணீர் குடிக்க வருகிற காடு முழுவதும் அதைப் பார்க்கும். அந்த மரத்தில் தன் படம் ஏற வேண்டும் என்றுதான் தாவலன் உயிரை விட்டுக்கொண்டிருந்தான்.

'அருமை' என்ற சொல்லைக் கேட்டாலே கூராயிக்கு முள் சிலிர்க்கும். ஒருமுறை அவள் தும்பி ஒன்றைப் படம் பிடித்தபோது கை ஆடிவிட்டது. படத்தில் தும்பிக்கு எட்டு இறக்கை தெரிந்தது.

"அருமை!" என்றான் மொந்தையன்.

"எது அருமை?"

"எல்லாமே."

"தும்பிக்கு இறக்கை எத்தனை என்று பார்த்தாயா?"

"எத்தனை வேண்டுமோ அத்தனை இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கூராயி அந்தப் படத்தைப் பல்லால் கிழித்து ஓடையில் எறிந்தாள்.

இப்படி இருக்கும்போது, ஒருநாள் தாவலன் குதித்துக்கொண்டு வந்தான். "எல்லாரும் எழுந்து உட்காருங்கள்! இன்றைக்கு நான் கொண்டுவந்திருப்பது சாதாரணப் படம் அல்ல!" என்று கத்தினான்.

படத்தைப் பாறையில் வைத்தான். இலைகளைச் சேர்த்துத் தைத்த சின்னஞ்சிறு கூடு. உள்ளே மூன்று குஞ்சுகள். இன்னும் கண் திறக்காதவை. மூன்றும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தொண்டையின் சிவப்புக்கூடத் தெரிந்தது. இறகு முளைக்காத தோல்மேல் வெயில் பளீரென்று அடித்தது. பின்னால் இரட்டைப்பாறையும் தெளிவாக விழுந்திருந்தது.

"அருமை!" என்றான் மொந்தையன்.

"ரொம்ப அருமை!" என்றாள் பஞ்சி. சொல்லிவிட்டு ஏனோ காதைத் தாழ்த்திக்கொண்டாள்.

கூராயி படத்தின் அருகே போனாள். மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"இது இழையாளின் கூடுதானே?" என்று கேட்டாள். இழையாள் என்பவள் தையல்சிட்டு. இரட்டைப்பாறைக்கு முன்னால் உள்ள தேக்கங்கன்றில் அவள் கூடு கட்டியிருந்தாள்.

"அவளுடையதேதான். எப்படி எடுத்தேன், பார்த்தாயா?"

"இலை எங்கே?"

"எந்த இலை?"

"தையல்சிட்டு கூட்டுக்கு மேலே ஒரு இலையைக் கூரைபோலக் கவிழ்த்து வைப்பாள். பக்கத்தில் நின்றாலும் உள்ளே இருப்பது தெரியாது. இங்கே குஞ்சு வெயிலில் கிடக்கிறது. மேலே இருந்த இலை எங்கே?"

தாவலன் தலையைச் சொறிந்தான். "காற்றில் பறந்திருக்கும்."

"காற்றா? காம்பு ஒடிந்து தொங்குகிறதே, இதோ! காற்றுக்குக் கை இருக்கிறதா?"

"உனக்குப் பொறாமை!" என்று பல்லை இளித்தான் தாவலன். "எட்டு இறக்கைத் தும்பி எடுத்தவள்தானே நீ! உன் படம் மருதமரம் ஏறவில்லை என்று என் படத்தில் குற்றம் தேடுகிறாய்."

கூராயியின் முட்கள் அத்தனையும் சடசடவென்று நிமிர்ந்தன. "நான் படத்தைப் பற்றிப் பேசவில்லை, மூடனே! குஞ்சைப் பற்றிப் பேசுகிறேன்! கூரையைப் பிய்த்துவிட்டு உள்ளே இருப்பவர்களைப் படம் பிடிப்பாயா? இதை மரத்தில் வேறு மாட்டப் போகிறாயா?"

"அவள் கத்துவதைப் பாருங்கள்" என்றான் தாவலன். "கருத்துச் சொல்லவும் ஒரு பண்பு வேண்டாமா?"

"கூராயி, கொஞ்சம் மெதுவாகப் பேசக் கூடாதா? தூக்கம் கெடுகிறது" என்றான் மொந்தையன்.

"ஆமாம் அக்கா, சண்டை வேண்டாமே" என்று நடுங்கினாள் பஞ்சி.

கோபமாகச் சொன்னால் உண்மை பொய்யாகிவிடுமா? அந்தப் பாறையில் ஆகிவிட்டது. கூராயி என்ன கேட்டாள் என்பதை எல்லாரும் மறந்தார்கள். எப்படிக் கேட்டாள் என்பதை மட்டும் பேசிக்கொண்டார்கள். படம் மருதமரத்தில் ஏறியது.

"உங்கள் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்!" என்று சொல்லிவிட்டுக் கூராயி தன் வளைக்குப் போனாள். கோபத்தில் கிழங்கு இறங்கவில்லை. வளைச் சுவரைக் கடித்துக்கொண்டே படுத்துவிட்டாள். விடிந்த பிறகுதான் அவளுக்குச் சுரீர் என்றது. 'தண்ணீர்த்துறைக்கு மானும் வரும், புறாவும் வரும். குஞ்சு தின்னும் செம்போத்தும் அல்லவா வரும்!'

விழுந்தடித்துக்கொண்டு இரட்டைப்பாறைக்கு ஓடினாள்.

தூரத்திலேயே இழையாளின் அலறல் கேட்டது. தேக்கங்கன்றின் தாழ்ந்த கிளையில் செங்கண்ணன் என்ற செம்போத்து உட்கார்ந்திருந்தான். ஒரு குஞ்சின் கால் அவன் அலகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கூராயி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் காலும் உள்ளே போய்விட்டது.

"நீயும் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாயா?" என்று கேட்டான் செங்கண்ணன். "அடடா, என்ன தெளிவு! இத்தனை நாளாக இந்தப் பக்கம் நடக்கிறேன், இங்கே ஒரு கூடு இருப்பதே தெரியாது. படத்தில் பாறையும் தெரிந்தது, எந்தக் குஞ்சு கொழுத்தது என்பதும் தெரிந்தது. எடுத்தவரிடம் என் பாராட்டைச் சொல்லிவிடு."

கூராயி முதுகைத் திருப்பினாள், முட்களை விரித்தாள், பின்னோக்கிப் பாய்ந்தாள். கன்று ஆடியது. நான்கு முட்கள் செங்கண்ணனின் வாலிலும் தொடையிலும் ஏறின. அவன் அலறிக்கொண்டு புதருக்குள் விழுந்து ஓடினான்.

கூட்டில் இரண்டு குஞ்சுகள் மிச்சம் இருந்தன.

"இழையாள், நான்..." என்று கூராயி வாயெடுத்தாள்.

"கிட்டே வராதே!" என்று இழையாள் கூவினாள். "நீயும் கேமரா வைத்திருக்கும் கூட்டம்தானே! இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு? மிச்சம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போகப்போகிறாயா?"

கூராயி கன்றின் அடியில் போய், கூட்டுக்கு முதுகைக் காட்டாமல், காட்டுக்கு முள்ளைக் காட்டி உட்கார்ந்தாள். இழையாள் வெகுநேரம் அவளையே பார்த்தாள். பிறகு பஞ்சும் சிலந்திநூலும் கொண்டுவந்து, பக்கத்து இலை ஒன்றை அலகால் துளைத்து இழுத்துக் கூட்டின்மேல் தைக்கத் தொடங்கினாள். அழுதுகொண்டேதான் தைத்தாள்.

படம் மரத்தில் தொங்கும்வரை ஆபத்தும் தொங்கிக்கொண்டிருக்கும் என்று கூராயிக்குத் தெரியும். கழற்றிவிடலாம் என்று துறைக்குப் போய்ப் பார்த்தாள். அவளுக்கு மரம் ஏற வராது. அடிமரத்தைக் கடித்துத் துப்பிவிட்டுத் திரும்பி வந்தாள். அடுத்த கூட்டம்வரை அந்தக் கன்றின் அடியிலேயே கிடந்தாள். செங்கண்ணன் நொண்டிக்கொண்டு மறுபடியும் வந்தான். முள்ளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். ஒரு சாரைப்பாம்பும் வந்து போயிற்று.

கூட்டம் கூடும் நாளில், கூராயி கன்றிலிருந்து நன்றாகத் தள்ளி நின்று ஒரே ஒரு படம் எடுத்தாள். அதைக் கொண்டுபோய்ப் பாறையில் வைத்தாள்.

"அருமை!" என்றான் மொந்தையன், பழக்கத்தில்.

தாவலன் விழுந்து விழுந்து சிரித்தான். "இதில் என்ன இருக்கிறது? தேக்கிலை! இந்தப் பக்கம் தேக்கிலை, அந்தப் பக்கம் தேக்கிலை. போன வாரம் எனக்குக் குறை சொன்னாயே, இப்போது நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் படத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை!"

அன்று கூராயி கத்தவில்லை. முட்கள் மட்டும் நிமிர்ந்தே இருந்தன.

"சரியாகச் சொன்னாய். ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் அந்த இலைக்குப் பின்னால் இரண்டு குஞ்சுகள் உயிரோடு இருக்கின்றன."

"இரண்டா?" என்றாள் பஞ்சி. "மூன்று இருந்ததே அக்கா?"

"இருந்தது. தாவலனின் படத்தில் நடுவில் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறதே, அதைச் செங்கண்ணன் என் கண்ணெதிரே விழுங்கினான். மருதமரத்தில் பார்த்துவிட்டு வந்தானாம். தாவலா, உனக்குப் பாராட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறான். 'என்ன தெளிவு!' என்றான். வாங்கிக்கொள்."

தாவலனின் சிரிப்பு நின்றது. "செம்போத்து தின்றதற்கு நான் என்ன செய்வேன்? நானா தின்றேன்?"

"அவன் பசிக்குத் தின்றான். உனக்கு என்ன பசி?"

"ஒரே ஒரு இலையைத்தானே ஒடித்தேன்! இலை இருந்தால் குஞ்சு எப்படித் தெரியும்?" என்று கத்திய தாவலன், மற்ற இருவர் பக்கம் திரும்பினான். "நீங்கள்தானே அருமை என்றீர்கள்! ஒருவராவது வேண்டாம் என்றீர்களா?"

பஞ்சி அழத் தொடங்கினாள். "எனக்கும் அன்றைக்கே மனசு உறுத்தியது அக்கா. குஞ்சுக்குச் சுடுமே என்று நினைத்தேன். கரடியண்ணன் அருமை என்றாரா, அதனால் நானும்..."

"நினைத்ததைச் சொல்லாத வாய் எதற்கு? புல் மேயவா?" என்றாள் கூராயி. அந்த அழுகையைப் பார்த்தும் அவள் கோபம் தணியவில்லை.

மொந்தையன் இரண்டு கண்களையும் முழுதாகத் திறந்தான். எழுந்தான். துறைவரை நடந்து, மருதமரத்தில் ஏறி, படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். பாறையில் உட்கார்ந்து அதை வெகுநேரம் பார்த்தான். அதை அவன் உண்மையில் பார்த்தது அப்போதுதான்.

தாவலன் அவன் தோளைச் சுரண்டினான். "நடந்தது நடந்துவிட்டது. ஆனாலும் அண்ணா, படம் என்னவோ நல்ல படம்தானே?"

"இல்லை" என்றான் மொந்தையன்.

நீதி: எப்படிக் கிடைத்தது என்று கேளாமல் புகழ்கிறவன், கிடைத்த வழியில் நடந்த கேட்டுக்கும் பங்காளி.