மூன்றாவது தட்டல்

‘விடியட்டும் தம்பி’ பேச்சை எந்த ஊரில் எவன் பேசினாலும் பரஞ்சோதி பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பார். பார்த்துவிட்டு வயிறெரியத் திரும்பி வருவார்.

அது நாடகத்தில் வரும் ஒரு கோட்டைக் காவலனின் பேச்சு. வெளியே வெட்டுப்பட்டுக் கிடக்கும் சொந்தத் தம்பி கதவைத் தட்டுகிறான். இருட்டில் பகைவர் பதுங்கியிருக்கிறார்கள். திறந்தால் கோட்டை போய்விடும். அண்ணன் திறக்காமல், உள்ளே நின்று தம்பியோடு பேசுகிறான். மூன்று தரம் தட்டல் கேட்கும். அப்புறம் கேட்காது.

யார் யார் எப்படிப் பேசினார்கள் என்பது பரஞ்சோதிக்குத் தலைகீழ்ப் பாடம். ஒருவர் கர்ஜிப்பார், அது அண்ணன் குரல் இல்லை, யானைப்பாகன் குரல். இன்னொருவர் முதல் வரியிலேயே அழுதுவிடுவார், மூக்கு ஒழுகும். ஆண் வேஷம் கட்டிய ஒரு அம்மாள் நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு பேசினாள். அவளுக்கு மீசை ஒட்டத் தெரியவில்லை.

தவசிமுத்துவிடம் குறைகள் கொட்டிக் கிடந்தன. கம்மல் தொண்டை. கோணல் நடை. பரஞ்சோதி நடிக்கும் நாடக சபாவுக்கு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் போன மாதம் ஒரு நாள் பரஞ்சோதி காய்ச்சலில் படுத்தபோது அவன் பேசினான், ஜனம் அழுதது. பரஞ்சோதி பேசினால் கை தட்டுவார்கள். அழுததில்லை.

ஆவணித் திருவிழாவுக்குக் காவலன் யார் என்று சபாவை நடத்தும் வாத்தியாரம்மா இன்னும் சொல்லவில்லை. பதினொரு வருஷமாகப் பரஞ்சோதி கட்டிய வேஷம் அது.

வாத்தியாரம்மா குமுதவல்லி அவரைவிட எட்டு வயது இளையவர். இருந்தாலும் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அட்டைக் கிரீடத்துக்கு ஜிகினாத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“வாத்தியாரம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கண்ணே.”

“என் பேச்சு ஒசத்தியா, அவன் பேச்சு ஒசத்தியா?”

“அவனுக்குப் பேரு இருக்குல்ல?”

“சொன்னா நாக்கு கசக்குது.”

வாத்தியாரம்மா சிரித்தார்.

“நாளைக்கு ஆட்டத்துல தவசி பேசட்டும். கதவுக்குப் பின்னாடி உக்காந்து தட்டுறது எப்பவும் என் வேலை. நாளைக்கு மட்டும் நீங்க தட்டுங்க. தட்டிட்டு வந்து நீங்களே சொல்லுங்க, எது ஒசத்தின்னு.”

“காவலனா நின்னவன் நான். இப்பப் பலகை தட்டவா?”

“மூணே மூணு தரம். கை தேஞ்சிடாது.”

மறுநாள் மாலை, கோட்டைக் கதவு வரைந்த பலகைக்குப் பின்னால் பரஞ்சோதி குந்தினார். முழங்கால் வலித்தது. அந்தப் பக்கம் தவசிமுத்து பேச ஆரம்பித்தான். முதல் தட்டலைக் கொடுத்தார். இரண்டாவதையும் கொடுத்தார். கூட்டத்தில் யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.



மூன்றாவதுக்குத் தூக்கிய கையைக் கீழே போட்டார். தட்டல் வராவிட்டால் அடுத்த வரி ஏது? திணறட்டும். நாலு பேர் சிரிக்கட்டும்.

பேச்சு நின்றுவிட்டது.

காலடி கதவை நெருங்கியது. பலகை இடுக்கில் மூச்சுக்காற்று பட்டது.

“தம்பி?”

பாடத்தில் அந்த இடத்தில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது.

“டேய்... இருக்கியாடா?”

பரஞ்சோதி உதட்டைக் கடித்துக்கொண்டார். மைதானத்தில் ஒரு பிள்ளைகூட அழவில்லை. அந்தப் பக்கம் ஒரு காது பலகையில் ஒட்டியிருப்பது அவருக்குத் தெரிந்தது. ஒரு விரல் தானாக எழும்பியது. அவர் தூக்கியதாக நினைவில்லை. லேசாக, மிக லேசாகத் தட்டியது.

தவசிமுத்து கதவோடு சரிந்து உட்கார்ந்தான். கூட்டம் விம்மியது.

ஆட்டம் முடிந்ததும் பரஞ்சோதி நேரே வாத்தியாரம்மாவிடம் போனார்.

“மூணாவது தட்டலை நான் வேணும்னுதான் நிறுத்துனேன்.”

“தெரியும்ணே.”

“அவனைக் கவுக்கணும்னுதான்.”

“அதுவும் தெரியும்.”

“கவுழல. நின்னான். கதவுல காதை வச்சான். ஜனம் அழுதுட்டுது.”

“ம்.”

பரஞ்சோதிக்குப் பொறுக்கவில்லை.

“ஆனா இதுல என்ன அதிசயம் இருக்கு? தட்டல் வரலைன்னா யாரா இருந்தாலும் நிக்கத்தானே செய்வான்? எனக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கல, அம்புட்டுத்தான். வாய்ச்சிருந்தா நானும் நின்னிருப்பேன், நானும் காது வச்சிருப்பேன். நீங்களே சொல்லுங்க, திருவிழாவுக்கு நான் பேசுறதுதானே நியாயம்?”

வாத்தியாரம்மா விரலில் ஒட்டியிருந்த பசையை முந்தானையில் துடைத்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“போன வருஷம் பங்குனியிலிருந்தே உங்களுக்கு நான் தட்டுறதில்லைண்ணே.”